மரை கழண்ட போல்ட்: 11,500 ரூபாய் செலவா, 2,850 ரூபாய் செலவா?

நம்ம பக்கத்துல வழக்கமா எஸ்.ஐ.பி., டெர்ம் இன்சூரன்ஸ், தங்கக் கடன்னுதான் பேசுவோம். இன்னைக்கு ஒரு போல்ட் பத்திப் பேசப்போறோம். சிரிக்காதீங்க. எட்டு மில்லிமீட்டர் போல்ட் ஒண்ணு எங்க மாமி காதுல கிடந்த தோட்டை அடகுக்கு அனுப்பப் பார்த்துச்சு. அதைத் தடுத்தது எப்படின்னு சொல்றேன். கார் வச்சிருக்கிற யாருக்கும், குறிப்பா பத்து வருஷத்துக்கு மேல ஓடின பழைய வண்டி வச்சிருக்கிறவங்களுக்கு, இது என்னைக்காவது உதவும்.

"அவனுக்கு மரை கழண்டுச்சு"ன்னு நாம ஆளைத்தான் சொல்லுவோம். இது நிஜமாவே இன்ஜின்ல மரை கழண்ட கதை.

எங்க மாமா கொல்லிமலையில பெரக்கரை நாட்டுல இருக்கார். மலைக்குப் புதுசா இருக்கிறவங்களுக்குச் சொல்றேன்: அங்க ஊராட்சிகளுக்கே நாடுன்னுதான் பேர். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடுன்னு மொத்தம் 14. அதுல ஒண்ணு பெரக்கரை நாடு. மாமாவுக்கு மிளகு, கொஞ்சம் காப்பி, பலா மரம், அன்னாசி. வண்டி 2011 மாடல் ஓம்னி. சோளக்காடு சந்தைக்குச் சரக்கு கொண்டு போறது, யாருக்காவது உடம்பு முடியலைன்னா செம்மேட்டுக்குக் கூட்டிட்டுப் போறது, எல்லாம் அந்த ஓம்னிதான். வண்டி ஒரு நாள் நின்னா சரக்குக்கு வாடகை வண்டி பிடிக்கணும். அதனால அவர் வீட்டுல அது ஆடம்பரம் இல்ல, ஏர் மாதிரி ஒரு தொழில் கருவி.

ஒரு நாள் நாமக்கல் போயிட்டு காரவள்ளி வழியா ஏறி வந்துட்டு இருந்திருக்கார். அந்தப் பாதையில 70 கொண்டை ஊசி வளைவு, உங்களுக்கே தெரியும். பாதி தூரம் ஏறினதும் டெம்பரேச்சர் முள்ளு சிவப்பைத் தொட்டிருக்கு. சீட்டுக்குக் கீழ இருந்து ஆவி. நல்லவேளை, மனுஷன் "இன்னும் கொஞ்சம்தானே"ன்னு ஓட்டாம உடனே ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்திட்டார். முக்கால் மணி நேரம் ஆறவிட்டு, அப்புறம்தான் மூடியைத் திறந்து தண்ணி ஊத்தி, நின்னு நின்னு வீடு வந்து சேர்ந்தார். (சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே திறக்காதீங்க. கொதிக்கிற தண்ணி முகத்துல அடிக்கும்.)

மெக்கானிக் வந்து பார்த்தா, தெர்மோஸ்டாட் மேல உட்காரும் அலுமினிய மூடியில இருந்து கூலன்ட் ஒழுகுது. அந்த மூடியை ரெண்டு போல்ட் பிடிச்சிருக்கு. ஒண்ணு ஸ்பேனர் போட்டா சும்மா சுத்திக்கிட்டே இருக்கு, இறுகவே இல்ல. இன்னொண்ணும் அந்த நிலைமைக்குப் பக்கத்துல. வெளிய எடுத்துப் பார்த்தா, போல்ட் மரையில ஸ்பிரிங் மாதிரி சுருண்ட அலுமினியத் துணுக்கு. போல்ட்டுக்கு ஒண்ணும் ஆகல. அது திருகி உட்காரும் ஓட்டைக்குள்ள இருந்த மரைதான் உரிஞ்சு வந்திருக்கு.

மெக்கானிக் சொன்ன கணக்கு இது: மரை இருக்கிறது மேனிஃபோல்டுல, அதனால மேனிஃபோல்டையே மாத்தணும். பழைய மாடல், பொருள் வரவழைக்கணும், ஒரு வாரம் ஆகும். பொருள், கூலி எல்லாம் சேர்த்து 11,500 ரூபாய். மிளகு அறுவடைக்கு இன்னும் மாசம் இருக்கு, கையில காசு இல்ல. மாமி தோட்டைக் கழட்டி வச்சுட்டாங்க. அப்பதான் எனக்குப் போன் வந்துச்சு. "மாப்ள, கூட்டுறவு சங்கத்துல நகைக்கு வட்டி எவ்வளவு போகுது?"

வட்டியை அப்புறம் பார்க்கலாம் மாமா, முதல்ல என்ன உடைஞ்சுதுன்னு சொல்லுங்கன்னேன். ஒரு வார்த்தை நியாயமா சொல்லணும். அந்த மெக்கானிக் ஏமாத்துக்காரர் இல்ல. அவர்கிட்ட அந்த அளவு டேப் செட் கிடையாது. பாதிக்குப் பாதி வேலை பண்ணி, நாளைக்கு மலைப்பாதையில வண்டி நின்னா பழி அவர் தலையில. புதுப் பொருள் போட்டா அவருக்குப் பொறுப்பு கம்மி. மெக்கானிக் சொல்ற எஸ்டிமேட் பல நேரம் உங்க வண்டிக்கு என்ன தேவைங்கிறதைச் சொல்றதில்ல, அவர் பட்டறையில என்ன சாமான் இருக்குங்கிறதைத்தான் சொல்லுது. அதனாலதான் ரெண்டாவது ஆளைக் கேக்கணும்னு சொல்றேன்.

இப்ப கொஞ்சம் டெக்னிக்கல். பயப்படாதீங்க, எளிமையாவே சொல்றேன்.

போல்ட் ஸ்டீல், இன்ஜின் பாகம் அலுமினியம். ஸ்டீல் கெட்டி, அலுமினியம் மெத்து. ரெண்டும் சண்டை போட்டா மெத்தானதுதான் தோக்கும். அதுவும் போல்ட் இழுக்கிற பாரம் எல்லா மரையிலயும் சமமா விழாது. முதல் மரை மட்டும் ஏறக்குறைய மூணுல ஒரு பங்கைத் தாங்கும். அளவுக்கு மேல இறுக்கினா அந்த முதல் மரை கிழியும், பாரம் ரெண்டாவதுக்குப் போகும், அதுவும் கிழியும். சேலையில நூல் பிரியற மாதிரி வரிசையா போயிடும்.

அளவுக்கு மேலன்னா எவ்வளவு? இந்த மாதிரி எட்டு மில்லிமீட்டர் போல்ட்டுக்குப் பொதுவா 20-ல இருந்து 25 நியூட்டன் மீட்டர் போதும் (உங்க வண்டி மேனுவல்ல இருக்கிற எண்தான் கடைசி வார்த்தை). அதை நம்ம பாஷையில சொன்னா, 20 சென்டிமீட்டர் நீள ஸ்பேனரோட நுனியில சுமார் 10-ல இருந்து 12 கிலோ பாரம். அவ்வளவுதான்! தோட்ட வேலை செய்ற கை ஒரு இழு இழுத்தா 25, 30 கிலோ சாதாரணமா வரும். தேவைக்கு ரெண்டரை மடங்கு. ஆறு மில்லிமீட்டர் போல்ட்டா இருந்தா இன்னும் மோசம், அதுக்கு 10 நியூட்டன் மீட்டர்தான்.

மாமாகிட்ட நோண்டி நோண்டிக் கேட்டதுல உண்மை வெளிய வந்துச்சு. ஆறு மாசமாவே அங்க லேசா கசிஞ்சிருக்கு. கசியறப்பெல்லாம் இவரே 12-ம் நம்பர் ஸ்பேனரைப் போட்டு ஒரு அரை சுத்து இறுக்கியிருக்கார். கசிவு ரெண்டு வாரம் நிக்கும், திரும்ப வரும், திரும்ப ஒரு இறுக்கு. நிஜக் காரணம் மூடிக்கு அடியில இருந்த பேப்பர் கேஸ்கெட் செத்துப்போனது. 60 ரூபாய் சாமான். ஒழுகினா இறுக்குங்கிறது வீட்டுக் குழாய்க்கு வேணா சரியா இருக்கலாம்; அலுமினியத்துல அது மரையைத் தின்னும்.

மலையில இந்தக் கசிவு ஏன் பெரிய விஷயம்னா, கூலன்ட் அழுத்தத்துலதான் வேலை செய்யுது. மூடி இறுக்கமா இருந்து அழுத்தம் நின்னா, தண்ணி 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காம இருக்கும். கசிவு வந்து அழுத்தம் போச்சுன்னா அந்தப் பாதுகாப்பு போச்சு. கொல்லிமலை மாதிரி 1,300 மீட்டர் உயரத்துல திறந்த பாத்திரத்துத் தண்ணி 96 டிகிரிக்குப் பக்கத்துலயே கொதிச்சிடும். கூடவே முதல் கியர், ரெண்டாவது கியர்ல ஏற்றம், வண்டி வேகம் கம்மி, காத்து வராது. ரெண்டு மரை கழண்டதுக்கு ஹெட் கேஸ்கெட் போய், ஹெட்டே வளைஞ்சு, இன்ஜின் பிரிக்கிற செலவு வரைக்கும் போகலாம். மாமா உடனே நிறுத்தினதுலதான் தப்பிச்சார். ஆயில் குச்சியில பால் கலந்த காப்பி மாதிரி எதுவும் தெரியுதான்னு பார்த்தோம். இல்ல. ஹெட் பிழைச்சது.

சரி, ரிப்பேர் என்ன? உரிஞ்ச ஓட்டையைக் கொஞ்சம் பெருசாக்கி, புது மரை வெட்டி, அதுக்குள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிச் சுருள் ஒண்ணைத் திருகி உட்கார வைக்கிறது. வெளிப்பக்கம் அலுமினியத்தைப் பிடிச்சுக்கும், உள்பக்கம் பழைய அளவு போல்ட்டுக்கே மரையா இருக்கும். பட்டறையில இதை ஹெலிகாயில்னு சொல்லுவாங்க. அது ஒரு கம்பெனி பேர்தான், ஆனா எல்லாச் சுருளுக்கும் அந்தப் பேரே நிலைச்சிடுச்சு. சில பேர் இன்சர்ட்னு சொல்லுவாங்க.

நாமக்கல்ல லேத்துக்கா பஞ்சம்? லாரி பாடி கட்டுற ஊர். உள்ளூர் மெக்கானிக்கை வச்சு மேனிஃபோல்டைக் கழட்டி, சாக்குப் பையில சுத்தி, மாமா பஸ்ல இறங்கினார். நானும் சேலத்துல இருந்து போயிட்டேன். மூணு பட்டறையில கேட்டோம். முதல் ரெண்டு பேரும் "பெரிய போல்ட்டாப் போட்டுடலாம்"னாங்க. வேண்டாம்னு வந்துட்டோம். எட்டுக்கு மேல பத்து போட்டா மூடியோட ஓட்டையையும் பெருசாக்கணும், சுத்தியிருக்கிற சுவர் மெலிஞ்சு போகும், அடுத்த தடவை மரை போனா வழியே இல்ல. மூணாவது பட்டறைக்காரர் டப்பாவைத் திறந்து சுருளைக் காட்டினார். அங்கதான் உட்கார்ந்தோம்.

அவர் செஞ்சதை வரிசையாச் சொல்றேன், நீங்க செய்யறதுக்கு இல்ல, செய்றவர் சரியாச் செய்றாரான்னு பார்க்கத் தெரியணும்ல. முதல்ல ஓட்டையைச் சுத்தம் பண்ணி விரிசல் இருக்கான்னு பார்த்தார். விரிசல் இருந்தா இந்த வேலையே கிடையாது. அப்புறம் மேனிஃபோல்டை டிரில்லிங் மெஷின்ல நேரா பிடிச்சு, 8.3 மில்லிமீட்டர் பிட் போட்டுத் துளைச்சார். இங்க சாஞ்சா எல்லாம் சாஞ்சது, போல்ட் கோணலா நிக்கும், மூடி ஒரு பக்கம் தூக்கும். அதுக்கப்புறம் சுருளுக்குன்னே வர்ற தனி டேப். அதோட வெளி விட்டம் சுமார் 9.6, ஆனா மரை இடைவெளி பழைய 1.25-தான். மண்ணெண்ணெய் விட்டு, அரை சுத்து முன்ன, கால் சுத்து பின்ன. அவசரமே படல. துணுக்கை ஊதி எடுத்துட்டு, சுருளைக் கருவியில மாட்டி, மேல்மட்டத்துக்கு அரை சுத்து கீழ இறங்குற வரைக்கும் திருகினார். சுருளோட அடியில குறுக்கே ஒரு சின்ன வால் இருக்கும், கருவி அதைப் பிடிச்சுத்தான் திருகும். கடைசியில அந்த வாலை ஒரு பஞ்ச் வச்சு டக்குனு தட்டி உடைச்சு, ட்வீசர்ல வெளிய எடுத்தார். "இந்த வால் உள்ள விழுந்துதுன்னா என் வேலை போச்சு"ன்னு சிரிச்சார். ரெண்டு ஓட்டைக்கும் அரை மணி நேரம் ஆகல.

"பழைய மரையை விட இது ஸ்ட்ராங் அண்ணே"ன்னார். விக்கிறவங்க பேச்சுன்னு நினைச்சேன். உட்கார்ந்து யோசிச்சா சரிதான். முன்ன அலுமினியம் 8 மில்லிமீட்டர் வட்டத்துல பிடிச்சிருந்தது, இப்ப 9.6 வட்டத்துல பிடிக்குது. தேயற இடத்துல ஸ்டீலும் ஸ்டீலும். விமானங்கள்ல அலுமினியப் பாகங்களுக்குப் புதுசுலயே இந்தச் சுருளைப் போடறாங்க, கெட்டுப்போன பிறகு இல்ல. ஒரே ஒரு விஷயம், சுருளோட நீளம். 8, 12, 16 மில்லிமீட்டர்னு வரும். அலுமினியத்துல ஓட்டை ஆழம் இடம் கொடுத்தா 12-க்குக் குறையாம கேளுங்க.

இப்ப நம்ம சப்ஜெக்ட், காசு. ரெண்டு ஓட்டைக்குச் சுருள் 700. புது போல்ட் ரெண்டு 40. மேனிஃபோல்டு கேஸ்கெட், மூடி கேஸ்கெட் சேர்த்து 300. கூலன்ட் 350. கழட்டி மாட்டின கூலி 1,200. பஸ்ஸும் சாப்பாடும் 260. ஆக மொத்தம் 2,850 ரூபாய், ரெண்டு நாள். இதுல கவனிங்க, மரை ரிப்பேர் மட்டும் 700-தான். மிச்சமெல்லாம் கழட்டி மாட்டுற செலவு. அதனாலதான் கழட்டின சமயத்துல பக்கத்துல இருக்கிற இன்னொரு சந்தேகமான மரைக்கும் சேர்த்துச் சுருள் போட்டுடணும். ரெண்டாவது ஓட்டை அப்ப இன்னும் முழுசாப் போகல. விட்டிருந்தா மூணு மாசத்துல அதே கூலி 1,200-ஐ மறுபடியும் கொடுத்திருப்போம்.

"இன்சூரன்ஸ்ல வராதா?"ன்னு மாமி கேட்டாங்க. நிறைய பேருக்கு இந்தக் கேள்வி இருக்கு. வராது. கார் பாலிசியோட சொந்தச் சேதப் பிரிவுலயே தேய்மானம், மெக்கானிக்கல் பிரேக்டவுன் ரெண்டையும் விலக்கி வச்சிருக்காங்க. இன்ஜின் புரொடெக்ட் ஆட்-ஆன் வாங்கியிருந்தாலும் அது தண்ணி புகுந்தது, அடிபட்டு ஆயில் ஒழுகினது மாதிரி விஷயங்களுக்குத்தான். ஸ்பேனரால வந்த சேதத்துக்கு இல்ல.

சர்வீஸ் கொடுத்த இடத்துல மரையைக் கெடுத்துட்டாங்கன்னா கதை வேற. அது சேவைக் குறைபாடு. ஜாப் கார்டு, பில், உரிஞ்ச மரையோட போட்டோ, இது மூணையும் வச்சுக்கிட்டு முதல்ல எழுத்துல கேளுங்க. நடக்கலைன்னா 1915 தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கு, மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு. கொடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும் மனுவுக்குக் கட்டணமே இல்ல, ரெண்டு வருஷத்துக்குள்ள போகணும். ஆனா "யார் கடைசியா இறுக்கினது?"ன்னு கேப்பாங்க. எங்க மாமா கேஸ்ல அதுக்குப் பதில் சங்கடமானது, அதனால நாங்க அந்தப் பக்கமே போகல.

எல்லா மரைக்கும் சுருள் போட்டுடலாமான்னா, இல்ல. பிரேக், ஸ்டியரிங், சஸ்பென்ஷன் போல்ட்ல மரை போனா நான் பொருளையே மாத்துவேன், 70 வளைவு இறங்குற வண்டியில அங்க மிச்சம் பிடிக்க மாட்டேன். சிலிண்டர் ஹெட் போல்ட் மரைன்னா அது இன்ஜின் மெஷின் ஷாப் வேலை, தெரு லேத் வேலை இல்ல. ஸ்பார்க் பிளக் மரை ஹெட்டைக் கழட்டாமலே போடறவங்க இருக்காங்க, டேப்புல கிரீஸ் தடவித் துணுக்கைப் பிடிப்பாங்க. ஆனா ஒரு துணுக்கு சிலிண்டர்ல விழுந்தா கோடு போட்டுடும், செய்றவர் கையைப் பார்த்துத்தான் கொடுக்கணும். பிளக், ஆயில் வடிக்கிற டிரெய்ன் போல்ட் மாதிரி அடிக்கடி கழட்டுற இடத்துக்குக் கம்பிச் சுருளை விட முழு புஷ் மாதிரி வர்ற இன்சர்ட் நல்லது, விலை கூட. வாரண்டி இருக்கிற வண்டின்னா கைவைக்காதீங்க, கம்பெனி சர்வீஸுக்கே போங்க.

எம்-சீல் அப்புறது, டெஃப்லான் டேப் சுத்துறது, ஓட்டைக்குள்ள செம்புக் கம்பி விட்டு போல்ட்டை அடிச்சு ஏத்துறது, இதெல்லாம் நான் கண்ணால பார்த்திருக்கேன். சமவெளியில நாலு மாசம் ஓடும். மலை ஏறுற வண்டிக்கு அது வைத்தியம் இல்ல.

மாமாவுக்கு நான் வாங்கிக் கொடுத்தது ஒரு டார்க் ரெஞ்ச். 2,400 ரூபாய். "மொத்த ரிப்பேர் செலவுக்குப் பக்கத்துல ஒரு ஸ்பேனரா?"ன்னு திட்டினார். நியாயமான கேள்வி. ஒரு வண்டிக்கு மட்டும்னா அது அதிகம்தான், ஒத்துக்கிறேன். ஆனா அந்தத் தெருவுல நாலு வண்டி, ரெண்டு பவர் டில்லர் இருக்கு, எல்லாரும் வாங்கிட்டுப் போறாங்க. வேலை முடிஞ்சதும் அளவைக் குறைஞ்ச எண்ணுக்குத் திருப்பி வைக்கணும், அதை வச்சு இறுகின போல்ட்டைக் கழட்டக் கூடாது. இந்த ரெண்டையும் பெட்டி மேலயே எழுதி ஒட்டியிருக்கேன்.

தோடு மாமி காதுக்கே திரும்பிடுச்சு. மிச்சமான 8,650 ரூபாயை மாமா எங்கயும் முதலீடு பண்ணல, ஏன்னா அது அவர்கிட்ட இருந்த காசே இல்ல, வாங்காம விட்ட கடன். ஆனா மிளகு வித்ததும் மாசம் 500 ரூபாய்னு வண்டிக்குத் தனியா தபால் ஆபீஸ் சேமிப்புக் கணக்குல போட ஆரம்பிச்சிருக்கார். அடுத்தது டயர்னு அவருக்கே தெரியும்.

லேத்துல எடுத்த வீடியோ சேனல்ல இருக்கு. மெஷின் சத்தத்துல நான் பேசறது பாதி கேக்காது, மன்னிச்சுக்கோங்க. வாலை உடைக்கிற இடம் மட்டும் கடைசி ரெண்டு நிமிஷத்துல தெளிவா இருக்கு. உங்க லேத்துக்காரர்கிட்ட அதை ஓட்டிக் காட்டி, "இது மாதிரி உங்ககிட்ட இருக்கா?"ன்னு கேளுங்க.